பழைய மடிக்கணினிகளில் ராம் கூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய மடிக்கணினி ஒன்று கைக்கு வந்ததும் எழுகிற முதல் ஆசை, அதில் இன்னும் கொஞ்சம் ராம் போட வேண்டும் என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனால் காலியாக ஒரு ஸ்லாட் தெரிகிறது என்பதற்காக ராம் வாங்கினால், பெரும்பாலும் பணம்தான் வீணாகும். அந்தக் காலத்தில் ஒரே நிறுவனம் அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு மாடல்களுக்குள்ளேயே ராம் அட்டைகள் மாறிப் பொருந்தாது. பொருந்தினாலும் கணினி அதைப் பாதியாகப் படிக்கும், அல்லது முழுதாகப் படித்துவிட்டு முன்பைவிட மெதுவாக ஓடும்.

அதனால் உச்சவரம்பு, வகை, தேவை ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டு கடைசியில் வாங்குவதே சரி. 1980களின் தொடக்கத்தில் வந்த பேட்டரிக் கணினிகள் முதல் 2000 வாக்கில் வந்த பென்டியம் 3 மடிக்கணினிகள் வரை இந்த வரிசை எல்லாவற்றுக்கும் செல்லும்.

படி 1: உச்சவரம்பைக் கண்டுபிடியுங்கள்

முதல் வரம்பு ப்ராசசரிடம் இருக்கிறது. ராமில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று ப்ராசசர் சொல்வது அதன் முகவரிக் கம்பிகள் வழியாக. ஜெட்80, 8085 இரண்டுக்கும் 16 கம்பிகள், ஆகவே 64 கேபி. 8088க்கு 20 கம்பிகள், 1 எம்பி. 286, 386எஸ்எக்ஸ், மோட்டோரோலா 68000 ஆகியவற்றுக்கு 24 பிட் முகவரி, 16 எம்பி. 386டிஎக்ஸ், 486 வந்தபோது இது 32 ஆகி, காகிதத்தில் 4 ஜிபி ஆனது. அங்கிருந்து வரம்பைத் தீர்மானிப்பது சிப்செட், அதாவது ப்ராசசரையும் ராமையும் இணைக்கும் மதர்போர்டுச் சிப்புகள்.

இந்த இடத்திற்குள் ராம் மட்டும் இல்லை, ராமும், மாறாத மென்பொருள் பதிந்திருக்கும் ரோமும் சேர்ந்து அடங்க வேண்டும். 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100ஐப் பாருங்கள். 80சி85 ப்ராசசரின் 64 கேபியில் 32 கேபியை ரோம் எடுத்துக்கொள்கிறது. மீதி 32 கேபிதான் ராமுக்கு. அதற்கு மேல் எந்தச் சிப்பை வைத்தாலும் நேரடியாகத் தெரியாது.

இந்தச் சுவரைத் தாண்ட அன்றைய பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, ஒரே முகவரிப் பகுதியில் வெவ்வேறு ராம் தொகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டுவது. டேண்டி 200இல் 24 கேபி தொகுதிகள் மூன்று வைத்து 72 கேபி வரை போகலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதிதான் கண்ணுக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் ஜெட்88 இதையே மிக அழகாகச் செய்தது. அதே எட்டு பிட் ஜெட்80 ப்ராசசரை வைத்துக்கொண்டு, பிளிங்க் என்ற தனிச் சிப்பின் உதவியால் மொத்தம் 4 எம்பி இடத்தைக் கையாள்கிறது. ராம் கூட்டுவதற்கு இன்றும் மிகச் சுலபமான பழைய கணினி இதுதான் என்பேன்.

இரண்டாவது வரம்பு சிப்செட். பென்டியம் காலத்து இன்டெல் 430டிஎக்ஸ் 256 எம்பி வரை ஏற்கும், ஆனால் இரண்டாம் நிலை கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை வைத்துக்கொள்ளும் வேகமான சிறு நினைவகம்) முதல் 64 எம்பிக்கு மட்டுமே வேலை செய்யும். 440எம்எக்ஸ் 256 எம்பியோடு நின்றுவிடும். மூன்றாவது வரம்பு பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் ரோம் மென்பொருள். நான்காவது, அந்த ஸ்லாட்டுக்கு என்றே தயாரான அட்டை அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிதாக வந்தது என்பது. லிப்ரெட்டோ 50சிடி, 70சிடி போன்ற குட்டிக் கணினிகளில் இதுதான் கையைக் கட்டிப்போடும். போர்டில் 16 எம்பி, தனி வகை அட்டை ஒன்றில் 16 எம்பி, மொத்தம் 32. லிப்ரெட்டோ 100சிடியில் 32க்கு 32 சேர்த்து 64.

வரம்பைத் தேடுமுன் உங்கள் கணினியின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியில் இருக்கும் பெயர் போதாது, அடிப்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கேகூட எண்ணின் முதல் பாதி ஏமாற்றும். திங்க்பேட் 600, 600இ, 600எக்ஸ் மூன்றுமே 2645 என்றுதான் தொடங்கும். ஹைபனுக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்து-எண்ணை வைத்துத்தான் எது எது என்று பிரிக்க முடியும். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதையே நம்புங்கள், விளம்பரத் தாளை வேண்டாம். விளம்பரத் தாளில் இருப்பது அன்றைக்குக் கிடைத்த மிகப்பெரிய அட்டையின் அளவு. போர்டால் அதைவிட அதிகம் தாங்க முடிவது உண்டு.

படி 2: எந்த வகை ராம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

*எஸ்ராம் வைத்த கணினிகள்.* ராம் சிப்புகளில் டிராம், எஸ்ராம் என இரண்டு வகை. டிராம் சிப்புக்கு நொடிக்குப் பல முறை புத்துணர்வு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தகவல் கரைந்துபோகும். எஸ்ராமுக்கு அது தேவையில்லை, மிகச் சிறிய மின்சாரம் போதும். அதனால்தான் முதல் தலைமுறைப் பேட்டரிக் கணினிகள் விலை அதிகமான எஸ்ராமைத் தேர்ந்தெடுத்தன. மாடல் 100இல் டிஸ்க் கிடையாது, உங்கள் கோப்புகள் எல்லாம் ராமிலேயே வசிக்கின்றன. ஆக, இங்கே ராம் கூட்டுவது என்றால் சேமிப்பிடத்தையும் சேர்த்துக் கூட்டுவது.

மாடல் 100 எட்டு கேபித் துண்டுகளாக 32 கேபி வரை ஏறும். இந்தத் துண்டு ஒரு சாதாரணச் சிப் கிடையாது. 2 கேபி சிப்புகள் நான்கை ஒரு சிறு பலகையில் சேர்த்த மாட்யூல். பின்களின் வரிசையும் வழக்கமானது இல்லை. 6264 என்ற 8 கேபி எஸ்ராம் சிப்பை நேராகச் செருகினால் வேலை செய்யாது, பின்களை மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் பலகை வேண்டும். ஆர்வலர்கள் இப்போது இவற்றைப் புதிதாகவே தயாரிக்கிறார்கள். அதற்கு அடுத்து வந்த டேண்டி 102இல் கதை நேர்மாறு. 24 கேபியோடு வரும், காலியான சாக்கெட்டில் 6264 ஒன்றைச் செருகினால் 32 ஆகிவிடும். பழைய கணினியில் முதன்முதலாக ராம் கூட்டிப் பழக விரும்புகிறவருக்கு 102ஐத்தான் சொல்வேன்.

32 கேபியும் போதவில்லை என்றால் மாடல் 100க்கு வேறொரு வழி இருக்கிறது. அடிப்பக்கத்தில் உள்ள ஆப்ஷன் ரோம் சாக்கெட்டில் ரெக்ஸ் என்ற சிறு பலகையைச் செருகலாம். அது ரோம் மென்பொருள்களோடு ராமின் முழுப் பிரதிகளையும் ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். ஒரு பிரதியை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றை ஏற்றலாம். ராமை அதிகமாக்காமல் தேவையைத் தீர்த்துவிடுகிறது, கணினியையும் அப்படியே விட்டுவிடுகிறது.

*மேக்கின்டாஷ் போர்ட்டபிளும் பவர்புக்கும்.* 1989இல் வந்த போர்ட்டபிளில் 1 எம்பி எஸ்ராம் போர்டிலேயே இருக்கிறது, ராம் ஸ்லாட் ஒன்று. அதிகபட்சம் 9 எம்பி. 1991இல் திரைக்குப் பின்விளக்கு சேர்த்து வந்த பதிப்பில் ஆப்பிள், எஸ்ராம் போல நடந்துகொள்ளும் டிராமான சூடோ-ஸ்டாட்டிக் ராமுக்கு மாறியது, உச்சவரம்பும் 8 எம்பியாகக் குறைந்தது. இரண்டின் அட்டைகளும் ஒன்றுக்கொன்று ஆகாது. விற்பவர் "போர்ட்டபிள் ராம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பதிப்பு என்று கேட்காமல் வாங்காதீர்கள். பவர்புக் 100, 140, 170 மூன்றுக்கும் 8 எம்பி, 160, 180 இரண்டுக்கும் 14 எம்பி. 140, 170இல் 100 நானோவினாடி அட்டைகள், 160, 180இல் 85 நானோவினாடி. மெதுவான அட்டையை வேகமான கணினியில் போட்டால் ஆரம்பத்தில் ஓடுவது போலத் தெரியும், பிறகு காரணமே இல்லாமல் உறையும்.

*உள்ளங்கைக் கணினிகள்.* ஹெச்பி 100எல்எக்ஸ், 200எல்எக்ஸ் ஆகியவற்றில் பயனர் மாற்றக்கூடிய ராம் ஸ்லாட் இல்லை. உள்ளே இருக்கும் சிப்புகளைச் சால்டரிங் செய்து மாற்றி 32 எம்பி, 64 எம்பி வரை கொண்டுபோனவர்கள் உண்டு. ஆனால் டாஸுக்குக் கிடைப்பது எப்படியும் 640 கேபிதான், கூடுதலாக வருவது சி டிரைவின் அளவு. பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டில் (கிரெடிட் கார்டு அளவு அட்டைகளுக்கானது) அடாப்டரோடு ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் செருகினால் அந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இந்த மாதிரிக் கணினியைச் சால்டரிங் இரும்போடு அணுகாதீர்கள் என்பதே என் கருத்து. அடாரி போர்ட்ஃபோலியோவுக்கும் இதே நிலைதான். 128 கேபியை 640 வரை உயர்த்தலாம், ஆனால் அதற்குப் போர்டில் கை வைக்க வேண்டும்.

ஜெட்88, ஆம்ஸ்ட்ராட் என்சி100 இரண்டும் அட்டை வைத்தால் போதும். ஜெட்88இல் மூன்று ஸ்லாட்டுகள் இருக்கின்றன. ஸ்லாட் 1இல் 128 கேபி அல்லது அதற்கு மேல் போட்டால்தான் கணினி தன்னை விரிவாக்கப்பட்டதாகக் கருதி முழு வசதிகளையும் திறக்கும், எனவே பெரிய அட்டை அங்கேதான் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ராம் அட்டையை உருவினால் கணினி ரீசெட் ஆகிவிடும். என்சி100இல் பிசிஎம்சிஐஏ எஸ்ராம் அட்டை 1 எம்பி வரை. இந்த எஸ்ராம் அட்டைக்குள் ஒரு சிறு பட்டன் செல் இருக்கும். அது தீர்ந்திருந்தால் அட்டை வெளியே வந்ததும் எல்லாம் போய்விடும்.

*டாஸ் காலத்துச் சூட்கேஸ் கணினிகளும் முதல் மடிக்கணினிகளும்.* காம்பாக் போர்ட்டபிள், ஐபிஎம் போர்ட்டபிள் 5155 இரண்டிலும் டிராம் சிப்புகள் ஒன்பது ஒன்பதாக வரிசையில் நிற்கும். எட்டு தகவலுக்கு, ஒன்பதாவது பிழை கண்டுபிடிக்க. 5155இன் போர்டு ஐபிஎம் எக்ஸ்டி மேசைக் கணினியினுடையதே. அதில் இருக்கும் முதல் இரண்டு வரிசைகளில் 4164 சிப்புகளுக்குப் பதில் 41256 வைத்து, யு84 என்ற காலி சாக்கெட்டில் 74எல்எஸ்158 சிப் ஒன்றைச் சேர்த்து, இ2வில் ஒரு ஜம்பர் போட்டால் 256 கேபி போர்டு 640 கேபி ஆகிவிடும். கணக்கு எளிது: 256ம் 256ம் 512, மீதி இரண்டு வரிசைகளில் 64ம் 64ம் 128. மாற்றம் சிறியது, பலன் பெரியது, விரும்பினால் பழையபடி திருப்பிவிடவும் முடியும். போர்டைத் தொட மனமில்லை என்றால் ஐஎஸ்ஏ என்ற விரிவாக்க ஸ்லாட்டில் ஒரு ராம் அட்டை போதும். காம்பாக்குக்கும் அதுவே எளிய வழி.

1987இல் வந்த தோஷிபா டி1000இல் 512 கேபி இருக்கும். அதற்கென்றே வந்த 768 கேபி அட்டையைச் சேர்த்தால் மொத்தம் 1280. அதில் 640 வழக்கமான டாஸ் நினைவகமாகும், மீதியைப் பேட்டரி தாங்கும் ராம் டிஸ்காக வைத்துக்கொள்ளலாம். ஃபிளாப்பி மட்டுமே உள்ள கணினியில் இது எவ்வளவு பெரிய வரம் என்று பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். டாஸே ரோமில் இருப்பதால், எழுதும் வேலை முழுவதும் ஃபிளாப்பி சத்தமே இல்லாமல் நடக்கும்.

*88 பின் டிராம் அட்டை.* 1990களின் முதல் பாதியில், திங்க்பேட் 755 போன்றவற்றில் வரும். பார்க்க பிசிஎம்சிஐஏ அட்டை போலவே இருக்கும், ஆனால் அது இல்லை. முனையில் இருக்கும் துளைகளை எண்ணுங்கள்: 68 என்றால் பிசிஎம்சிஐஏ, 88 என்றால் டிராம். இதிலும் 3.3 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு வகை. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

*எஸ்ஓ-டிம்.* மடிக்கணினிக்கான சிறிய ராம் பலகை இது. 72 பின் மாட்யூல் 32 பிட் அகலம். 486இல் ஒன்று போதும், 64 பிட் பஸ் உள்ள பென்டியத்தில் ஜோடியாக வேண்டும். 144 பின் மாட்யூல் 64 பிட், ஒன்றே போதும். ஆனால் 144 பின்னில் ஈடிஓ என்ற பழைய வகை டிராமும் எஸ்டிராம் என்ற புதிய வகையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சிப்பின் மேல் இருக்கும் கடைசி எண்ணைப் பாருங்கள். 60 அல்லது 6 என்று முடிந்தால் பெரும்பாலும் ஈடிஓ, 10, 8, 75 என்று முடிந்தால் எஸ்டிராம். சந்தேகம் வந்தால் சிப் எண்ணின் டேட்டாஷீட்டைத் தேடிப் பாருங்கள்.

படி 3: எவ்வளவு தேவை என்று முடிவு செய்யுங்கள்

உச்சவரம்பு வரை போட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டாஸ் விளையாட்டுகளுக்கும் எழுத்து வேலைக்கும் 4 எம்பி தாராளம். விண்டோஸ் 3.1க்கு 8 எம்பி, விண்டோஸ் 95க்கு 32 எம்பி, விண்டோஸ் 98க்கு 64 முதல் 128 எம்பி. மேக்கில் சிஸ்டம் 7க்கு 8 எம்பி இருந்தால் நிம்மதி.

அதிகம் போட்டால் கெடுதலும் வரலாம். 430டிஎக்ஸ் கணினியில் 64 எம்பிக்கு மேல் ராம் இருந்தால், மேலே உள்ள பகுதிக்குக் கேஷ் கிடையாது என்று பார்த்தோம். விண்டோஸ் 95ம் 98ம் ராமை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. விளைவு, நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிய பகுதிதான் முதலில் பயன்படும், அதுதான் கேஷ் இல்லாத பகுதி. 96 எம்பி போட்ட கணினி 64 எம்பியில் ஓடியதைவிட மெதுவாக இருக்க இதுவே காரணம். இரண்டாம் நிலை கேஷ் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் பென்டியம் 2, 3 மடிக்கணினிகளில் இந்தத் தொல்லை இல்லை.

512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 9எக்ஸுக்கு வேறொரு சிக்கல். அதன் டிஸ்க் கேஷ் அளவு மீறி வளர்ந்து, "போதிய நினைவகம் இல்லை" என்று தலைகீழாகப் புகார் சொல்லும். தீர்வைப் படி 7இல் பார்ப்போம்.

படி 4: வாங்கும்போது சிப்பைப் படியுங்கள்

பழைய சிப்புகளின் பெயரில் அளவும் வேகமும் இருக்கும். 4164 என்றால் 64 கிலோபிட், 41256 என்றால் 256 கிலோபிட், இரண்டும் ஒரு பிட் அகலம். 6116 என்றால் 2 கேபி, 6264 என்றால் 8 கேபி, 62256 என்றால் 32 கேபி. ஹைபனுக்குப் பின்னால் வேகம்: டிராமில் 15 என்றால் 150 நானோவினாடி. எண் சிறியதாக இருந்தால் வேகமான சிப், அதைப் போடலாம். பெரியதைப் போடக் கூடாது.

எஸ்டிராமில் மிக அதிகமானவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள கணினிக்கு 256 எம்பி மாட்யூல் வாங்கினால் அதில் 16 சிப்புகள் இருக்க வேண்டும், பக்கத்துக்கு எட்டு. எட்டே சிப்புகளில் 256 எம்பியை அடக்கிய மாட்யூலும் சந்தையில் உண்டு, அதுதான் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு சிப்பும் 256 மெகாபிட். அந்த அமைப்பு இந்தச் சிப்செட்டுக்குப் புரியாது, 128 எம்பி என்றே காட்டும். படத்தில் இரண்டு பக்கமும் தெரியாத மாட்யூலை வாங்காதீர்கள். திங்க்பேட் 600எக்ஸில் போர்டில் 64 எம்பி இருக்கும், சரியான 256 எம்பி மாட்யூல் இரண்டைப் போட்டால் 576 எம்பி வரும்.

பிசி66, பிசி100, பிசி133 என்ற வேகக் குறியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிசி133 மாட்யூல் பழைய, மெதுவான ஸ்லாட்டிலும் பெரும்பாலும் ஓடும். எல்லா மாட்யூலும் ஒரே அளவு, ஒரே வகையாக இருந்தால் பிரச்சினைகள் குறையும்.

படி 5: திறக்குமுன் செய்ய வேண்டியவை

ராமில் கோப்புகளை வைத்திருக்கும் கணினி என்றால் முதலில் அவற்றை வெளியே எடுங்கள். மாடல் 100இல் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடலாம். ராமைத் தொட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரிகளைக் கழற்றி, அடிப்பக்கத்தில் உள்ள மெமரி பவர் ஸ்விட்சை அணையுங்கள். போர்டில் சால்டர் செய்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-கேட்மியம் பேட்டரி தனியாக ராமுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தும் ஸ்விட்ச் இதுதான்.

கணினியைத் திறந்ததும் அந்தப் பேட்டரியைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால், ராம் வேலையை ஒத்திவைத்துவிட்டு அதை வெட்டி எடுங்கள், கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். 1990களின் மடிக்கணினிகளிலும் பேட்டரிகள் இப்படித்தான் போர்டைத் தின்கின்றன. ராம் கூட்டத் திறக்கிற சாக்கில் பேட்டரியை அகற்றினாலே கணினியின் ஆயுள் நீளும். என் பார்வையில் ராமைவிட இதுவே முக்கியமான வேலை.

காம்பாக் போர்ட்டபிள் போன்ற பிக்சர் டியூப் உள்ள கணினிகளில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டியூபின் பக்கம் கையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மற்றவை வழக்கமானவைதான். ஸ்டாட்டிக் மின்சாரத்துக்கு மணிக்கட்டுப் பட்டை, ஒவ்வொரு படிக்கும் ஒரு புகைப்படம், திருகாணிகளை வரிசைப்படி வைக்க ஒரு தட்டு. பிளாஸ்டிக் நொறுங்கும் வயதில் இருக்கிறது, அதனால் கொக்கிகளை நெம்பும்போது பொறுமை வேண்டும். விசைப்பலகையின் ரிப்பன் கேபிளை இழுக்குமுன் அதன் பூட்டைத் திறந்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

படி 6: பொருத்துங்கள்

சிப்பின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டு மின்சாரம் கொடுத்தால் சிப் சில நொடிகளில் போய்விடும். புதிய சிப்பின் கால்கள் சற்று விரிந்திருக்கும், மேசையின் சமதளத்தில் மெல்ல அழுத்தி நேராக்குங்கள். உள்பக்கம் மடிந்து போன ஒரு கால், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பொருத்திய பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். 5155 போர்டு என்றால் டிப் ஸ்விட்ச் என்ற சிறு ஸ்விட்ச் வரிசையில் 3, 4 எண்களை மாற்றி எத்தனை வரிசை நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான்கும் நிறைந்திருந்தால் இரண்டும் ஆஃப்.

எஸ்ஓ-டிம்மைச் சாய்வாக நுழைத்து, தங்கப் பட்டைகள் ஏறக்குறைய மறைந்ததும் கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கிகளும் பிடிக்க வேண்டும். பட்டைகள் மங்கியிருந்தால் வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

கேசை முழுதாக மூடுமுன் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

படி 7: சோதியுங்கள், மென்பொருளுக்குச் சொல்லுங்கள்

மாடல் 100இல் கன்ட்ரோல், பிரேக் இரண்டையும் அழுத்திக்கொண்டே பின்னால் உள்ள ரீசெட்டை அழுத்தினால் கணினி புதிதாக ராமை எண்ணும். மெனுவின் கீழ் வரிசையில் 8 கேபிக்கு 5062, 24 கேபிக்கு 21446, 32 கேபிக்கு 29638 பைட்டுகள் காலி என்று காட்ட வேண்டும். எண் குறைந்தால் ஒரு மாட்யூல் சரியாக உட்காரவில்லை.

பிசி மடிக்கணினிகளில், ராமின் அளவு மாறியதும் முதல் முறை 164 என்ற பிழை வருவது இயல்பு. செட்டப்பில் நுழைந்து சேமித்து வெளியே வந்தால் மறையும். 201 வந்தால் ராமிலேயே கோளாறு. தொடக்கச் சோதனையில் தேறியதை வைத்து ராம் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், அது மேலோட்டமான எண்ணிக்கைதான். மெம்டெஸ்ட்86+இன் பழைய பதிப்பை ஃபிளாப்பியில் எழுதி, ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு மட்டும் தப்புச் செய்யும் சிப்புகள் அப்போதுதான் பிடிபடும்.

டாஸில் 640 கேபிக்கு மேல் உள்ளது தானாகப் பயன்படாது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹிமெம் வரி வேண்டும். பழைய மென்பொருள்கள் எக்ஸ்பேண்டட் நினைவகம் கேட்டால் 386 அல்லது அதற்கு மேற்பட்ட ப்ராசசரில் இஎம்எம்386ம் வேண்டும். 160, 180 போன்ற பவர்புக்குகளில் 8 எம்பிக்கு மேல் போட்டிருந்தால் மெமரி கன்ட்ரோல் பேனலில் 32 பிட் முகவரியை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் கூடுதல் ராம் முழுவதையும் சிஸ்டமே வைத்திருப்பதாகக் காட்டும், உங்கள் மென்பொருளுக்கு ஒன்றும் கிடைக்காது.

விண்டோஸ் 98இல் 512 எம்பியைத் தாண்டியவர்கள் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் மதிப்பை 262144 என்று கொடுங்கள். கேஷ் 256 எம்பியில் நின்றுவிடும். ராம் போடுமுன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது, ஏனெனில் போட்ட பிறகு விண்டோஸ் தொடங்காமலேயே போகலாம்.

பலரும் மறப்பது ஹைபர்னேஷன். பழைய மடிக்கணினிகள் தூங்கப் போகும்போது ராம் முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு தனிப் பகுதியிலோ கோப்பிலோ எழுதி வைக்கும். அந்த இடம் பழைய ராம் அளவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். 16 எம்பியை 64 ஆக்கிவிட்டு அதை மாற்றாமல் விட்டால் தூக்கம் வேலை செய்யாது. ஃபீனிக்ஸ் பயாஸ் உள்ளவற்றுக்குப் பிஹெச்டிஸ்க் என்ற கருவி, திங்க்பேடுகளுக்குப் பிஎஸ்2 என்ற டாஸ் கருவி. அவற்றால் இடத்தைப் புதிய அளவுக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 8: ஓடவில்லை என்றால்

திரை இருண்டே இருந்தால் புதிய ராமை எடுத்துவிட்டு பழையபடி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ராமில் சிக்கல். அப்போதும் ஓடவில்லை என்றால், பிரிக்கும்போது ஏதோ ஒரு கேபிள் விலகியிருக்கிறது. மேக்கின்டாஷ் போர்ட்டபிள் என்றால் ராமைச் சந்தேகிக்குமுன் பேட்டரியைப் பாருங்கள். அதன் ஈய-அமில பேட்டரி செத்திருந்தால் மின் அடாப்டரைச் செருகியிருந்தாலும் அது தொடங்காது.

பாதி அளவுதான் தெரிகிறது என்றால் சிப்பின் அடர்த்தி பொருந்தவில்லை, வேறு மாட்யூல்தான் வழி. சில நேரம் ஓடி சில நேரம் உறைந்தால் ஸ்லாட்டுகளை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியாக ஓடி, சேர்ந்தால் மட்டும் தகராறு என்றால் வேகமோ வகையோ ஒத்துப்போகவில்லை. சாக்கெட்டில் செருகும் டிப் சிப்புகளில் 201 பிழையோடு வரும் எண், எந்த வரிசையில் எந்த பிட் என்று சொல்லிவிடும். அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

கழற்றிய அசல் ராமைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டாட்டிக் தடுக்கும் உறையில் போட்டு, எந்தக் கணினியின் எந்த ஸ்லாட்டிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனி வகை அட்டைகளில் மிச்சமிருப்பவை குறைவு, அடுத்த முறை ஏதாவது கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவைப்படும்.